அண்ணன் அனுப்பிய கறுப்பு உருண்டை

கேள்வி: எனக்கு 46 வயது. சிங்கப்பூர் ஈசூனில் கணவர், மகள், மாமியாருடன் இருக்கிறேன். போன மாதம் இடது மார்பகத்தில் அறுவைச் சிகிச்சை முடிந்தது. கட்டி 2.8 சென்டிமீட்டர், அக்குளில் இரண்டு நிணநீர் முடிச்சுகளுக்கும் பரவியிருந்ததாம். ஹார்மோன் பாசிட்டிவ், ஹெர்2 நெகட்டிவ் என்று அறிக்கையில் இருக்கிறது. இன்னும் இரண்டு வாரத்தில் கீமோ தொடங்க வேண்டும் என்கிறார்கள். முதலில் நான்கு முறை ‘சிவப்பு மருந்து’, அதன்பின் பன்னிரண்டு வாரம் பாக்லிடாக்செல், பிறகு கதிர்வீச்சு, அதற்கும் பிறகு ஹார்மோனைத் தடுக்கும் டமோக்சிஃபென் மாத்திரை பல வருடம். கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. தஞ்சாவூரில் இருக்கும் அண்ணன், அங்கே ஒரு வைத்தியரிடம் தொலைபேசியில் விவரம் சொல்லி, கறுப்பாக மெழுகு போன்ற உருண்டைகளும் ஒரு பொடியும் வாங்கி, ஊரிலிருந்து வந்தவர் கையில் கொடுத்தனுப்பியிருக்கிறார். மாமியார் முள்சீத்தா இலையைக் காய்ச்சித் தருகிறார். மகள் இணையத்தில் மஞ்சள் கேப்சூல் வரவழைத்திருக்கிறாள். ‘கீமோ விஷம், மூலிகைக்குப் பக்கவிளைவே கிடையாது, மூன்று மாதம் பொறுத்துப் பார்’ என்று அண்ணன் தினமும் அழைத்துப் பேசுகிறார். பொறுத்துப் பார்க்கலாமா? முடியாதென்றால் இரண்டையும் சேர்த்தாவது எடுக்கலாமா? மருத்துவரிடம் சொல்லப் பயமாக இருக்கிறது, திட்டுவாரோ என்று.

— வாசகி, ஈசூன்

பதில்:

அன்புள்ள சகோதரி,

கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மூன்று மாதம் பொறுக்க வேண்டாம். உருண்டை, பொடி, கேப்சூல், இலைக் கஷாயம் நான்கையும் இன்றோடு நிறுத்துங்கள். ஆனால் குப்பையில் போட்டுவிடாதீர்கள். அவற்றுக்கு ஒரு வேலை இருக்கிறது, பிறகு சொல்கிறேன். சமையலில் போடும் மஞ்சள், இஞ்சி, மிளகு, பூண்டு எதையும் நிறுத்த வேண்டியதில்லை.

அந்த மூன்று மாதத்தைப் பற்றி ஒன்று. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் மார்பகப் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை முடிந்து கீமோ எடுத்த 24,000-க்கும் மேற்பட்ட பெண்களின் பதிவுகளை ஆராய்ந்து 2016-ல் ஒரு கட்டுரை வந்தது. அறுவைக்குப் பின் 90 நாளைத் தாண்டிக் கீமோ தொடங்கியவர்கள், சீக்கிரம் தொடங்கியவர்களைவிட அதிகமாக இறந்திருந்தார்கள். உங்களுக்கு ஏற்கெனவே ஒரு மாதம் போய்விட்டது. அண்ணன் சொல்லும் மூன்று மாதத்தையும் சேர்த்தால் 120 நாள். கட்டியை எடுத்தாயிற்று, அவசரம் என்ன என்று தோன்றுவது இயல்பு. நிணநீர் முடிச்சு வரை வந்த நோய், கண்ணுக்கும் ஸ்கேனுக்கும் தெரியாத துகளாக வேறெங்காவது தங்கியிருக்கலாம் என்பதற்காகத்தான் கீமோ. அந்தத் துகள் நம் ஆலோசனை முடியும்வரை காத்திருக்காது.

நான் மருத்துவர் இல்லை, மருந்தாளர். புற்றுநோய் மருந்துகளை அளந்து தயாரிப்பதும், நோயாளி எடுக்கும் மற்ற மருந்துகளோடு அவை மோதுமா என்று பார்ப்பதும் என் வேலை. இருபது வருடத்துக்கு மேலாக இதையே செய்வதால் எதைப் பார்த்தாலும் எனக்கு முதலில் தோன்றும் கேள்வி ‘எவ்வளவு?’ என்பதுதான். உங்கள் கடிதத்தில் நான்கு மூலிகைப் பொருள்கள் இருக்கின்றன. ஒன்றுக்கும் அளவு சொல்லப்படவில்லை.

அண்ணனை நான் குறை சொல்ல மாட்டேன். தங்கைக்குப் புற்றுநோய் என்று கேட்டவர், 3,000 கிலோமீட்டருக்கு அப்பால் உட்கார்ந்துகொண்டு என்ன செய்வார்? தனக்குத் தெரிந்த வழியில் ஓடியிருக்கிறார். அவரிடம் பேசும்போது மூலிகை பயனற்றது என்று ஆரம்பிக்காதீர்கள். அது உண்மையும் அல்ல. பன்னிரண்டு வாரம் உங்கள் நரம்பில் ஏறப்போகும் பாக்லிடாக்செல்லே ஒரு மரப்பட்டைச் சரக்குதான்.

1962-ல் அமெரிக்க வேளாண் துறையின் தாவரவியலாளர் ஆர்தர் பார்க்ளே, வாஷிங்டன் மாநிலத்துக் காட்டில் பசிபிக் யூ என்ற மரத்தின் பட்டையைச் சேகரித்தார். மன்ரோ வால் என்பவரும் மகாராஷ்டிராவில் பிறந்த மன்சுக் வானியும் அதிலிருந்து வேலைசெய்யும் பொருளைப் பிரித்தெடுத்து, 1971-ல் அதன் அமைப்பை வெளியிட்டார்கள். உயிரணு இரண்டாகப் பிரிய முடியாமல் அது எப்படிக் கட்டிப்போடுகிறது என்பதை 1979-ல் சூசன் ஹார்விட்ஸ் கண்டு சொன்னார். மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுக்கலாம் என்று அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 1994-ல். பட்டை உரித்த நாளிலிருந்து 32 வருடம். இத்தனைக்கும் யூ மரம் நச்சு மரம். அதன் இலையைத் தின்று மாடுகள் செத்திருக்கின்றன. எவ்வளவு கொடுத்தால் கட்டி சுருங்கும், எவ்வளவுக்கு மேல் போனால் வெள்ளையணு விழும், விரல் நுனி எப்போது மரத்துப்போகும், தண்ணீரில் கரையாத இதை எதில் கரைப்பது, அந்தக் கரைசலுக்கு ஒவ்வாமை வந்தால் என்ன செய்வது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்துத்தான் அந்த வருடங்கள் போயின. இன்று உங்கள் உயரத்தையும் எடையையும் வைத்து உடற்பரப்பைக் கணக்கிட்டு, வாராந்தர முறையில் சதுர மீட்டருக்கு 80 மில்லிகிராம் என்று அளக்கிறோம். காலையில் உங்கள் இரத்தப் பரிசோதனை முடிவு வராமல் நான் பையைத் தயாரிக்க மாட்டேன். வெள்ளையணு குறைவாக இருந்தால் அந்த வாரம் தள்ளிப்போகும்.

அங் மோ கியோ வீட்டுத் தாழ்வாரத்தில் என் அம்மா நித்தியகல்யாணி வளர்த்தார். ஊதாப்பூ, வெள்ளைப்பூ, தண்ணீர் ஊற்ற மறந்தாலும் சாகாத செடி. 1950-களில் அதன் இலை சர்க்கரை நோய்க்கு நல்லது என்று ஜமைக்காவிலிருந்து கனடாவுக்கு அனுப்பினார்கள். ராபர்ட் நோபிள், சார்ல்ஸ் பீர் என்ற இருவர் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது சர்க்கரை இறங்கவில்லை, வெள்ளையணு இறங்கியது. அதைப் பின்தொடர்ந்து போனதில் கிடைத்தது வின்பிளாஸ்டின். அதே குடும்பத்தைச் சேர்ந்த வினோரெல்பின் மார்பகப் புற்றுநோய்க்கு இன்றும் பயன்படுகிறது. இதை எழுதும்போதே ஒரு பயம் வருகிறது: யாராவது நித்தியகல்யாணி இலையைக் காய்ச்சிக் குடித்துவிடப் போகிறார்கள். செய்யாதீர்கள், அது விஷம். நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலையிலிருந்து கிராம் கணக்கில் பிரித்தெடுத்து, மில்லிகிராம் கணக்கில் கொடுக்கும் மருந்து அது.

கீமோ விஷம் என்று அண்ணன் சொன்னாரே, அதை நான் மறுக்கப் போவதில்லை. கையுறை இரண்டு அடுக்கு போட்டுக்கொண்டுதான் அந்த மருந்தைத் தொடுகிறோம். ஆனால் உருண்டையைப் பற்றி ‘பக்கவிளைவே கிடையாது’ என்று அதே மூச்சில் சொல்கிறார் பாருங்கள், அங்கேதான் எனக்கு உறுத்துகிறது. உடம்பில் எதையும் மாற்றாத பொருளுக்குத்தான் பக்கவிளைவு இருக்காது. அப்படிப்பட்ட பொருள் கட்டியை மட்டும் எப்படிக் கரைக்கும்?

இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம். முள்சீத்தா சுருக்கமாக முடிந்துவிடும். மலாய்க்கார அண்டைவீட்டார் டுரியான் பெலாண்டா என்பார்கள். பழம் அருமையாக இருக்கும். ‘கீமோவைவிடப் பத்தாயிரம் மடங்கு சக்தி’ என்று வாட்ஸ்ஆப்பில் வருடக்கணக்காகச் சுற்றும் செய்தியை உங்கள் மாமியாரும் பார்த்திருப்பார். அந்தப் பத்தாயிரம் வானத்திலிருந்து விழவில்லை. 1996-ல் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட கட்டுரை ஒன்றில் இருக்கிறது. முள்சீத்தா விதையிலிருந்து பிரித்த ஒரு பொருள், ஆய்வுக்கூடத் தட்டில் வளர்த்த குடற்புற்று உயிரணுக்கள் மேல், அட்ரியமைசினைவிடப் பத்தாயிரம் மடங்கு வீரியத்தோடு வேலைசெய்தது. எடுத்தது விதையிலிருந்து, மாமியார் காய்ச்சுவது இலையை. சோதித்தது குடற்புற்று, உங்களுக்கு மார்பகம். நடந்தது தட்டில், மனித உடம்பில் இல்லை. தட்டில் ஊறுகாய் உப்புநீரை ஊற்றினாலும் புற்றணு சாகும். அட்ரியமைசின் யாரென்று கேட்கிறீர்களா? உங்களுக்கு நான்கு முறை போடப்போகும் அந்தச் சிவப்பு மருந்தின் வணிகப் பெயர்தான் அது.

முள்சீத்தாவில் அன்னோனாசின் என்ற பொருளும் இருக்கிறது, நரம்பணுக்களுக்குக் கெடுதல் செய்வது. கரீபியத் தீவான குவாதலூப்பில் இந்தப் பழத்தையும் இலைக் கஷாயத்தையும் வழக்கமாக உட்கொண்டவர்களிடம் பார்க்கின்சன் போன்ற நோய் அதிகம் காணப்படுவதாக 1999-ல் மருத்துவர்கள் எழுதினார்கள். பாக்லிடாக்செல்லே விரல் நுனிகளை மரக்க வைக்கும் மருந்து. அதோடு நரம்பைத் தொடும் இன்னொன்றைச் சேர்த்தால், விரல் மரத்ததற்குக் காரணம் எது என்று எங்களால் சொல்ல முடியாமல் போகும்; மருத்துவர் கீமோவின் அளவைத்தான் குறைப்பார். எப்போதாவது ஒரு துண்டு பழம் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது. தினக் கஷாயம் வேண்டாம் என்று மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். அவருக்கு வேறு வேலை கொடுக்கலாம், கீழே வருகிறேன்.

மஞ்சளுக்கு வருவோம், இதில்தான் பேச நிறைய இருக்கிறது. மஞ்சளில் இருக்கும் கர்க்யூமின் என்ற பொருளைப் பற்றி வந்திருக்கும் ஆய்வுகளைக் கட்டிவைத்தால் ஓர் அறை நிரம்பும். மகள் ஏமாந்துவிட்டாள் என்று நினைக்காதீர்கள், படித்துத்தான் வாங்கியிருக்கிறாள். ஆனால் கேப்சூலில் இருப்பது உங்கள் அஞ்சறைப்பெட்டி மஞ்சள் இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். நால்வருக்கு வைக்கும் சாம்பாரில் அரைத் தேக்கரண்டி மஞ்சள்தூள், சுமார் ஒன்றரை கிராம். அதில் நூற்றுக்கு மூன்று பங்கு கர்க்யூமின் என்று வைத்தால் 45 மில்லிகிராம். ஆளுக்கு 11 மில்லிகிராம். கடையில் விற்கும் கேப்சூல் பெரும்பாலும் 500 மில்லிகிராம், அதில் 95 சதவீதம் கர்க்யூமின். ஒரு கேப்சூல் விழுங்கினால் 40 பேர் சாம்பாரைக் குடித்த கணக்கு. ‘மூவாயிரம் வருடமாக நாம் சாப்பிடுவதுதானே’ என்ற வாதம் இங்கே செல்லாது. இந்த அளவில் நம் பாட்டி யாரும் சாப்பிட்டதில்லை.

அவ்வளவு விழுங்கினாலும் கர்க்யூமின் குடலைத் தாண்டி இரத்தத்துக்கு வருவது மிகச் சொற்பம். 1998-ல் பெங்களூரு செயிண்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் ஒரு சோதனை செய்தார்கள். இரண்டு கிராம் கர்க்யூமினைத் தனியாகக் கொடுத்தபோது இரத்தத்தில் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. மிளகின் காரப்பொருளான பைப்பரினை வெறும் 20 மில்லிகிராம் சேர்த்ததும் 20 மடங்கு ஏறியது. அதனால்தான் இன்று பல கேப்சூல்களில் மிளகுச் சாறும் இருக்கிறது. மகள் வாங்கிய புட்டியின் பின்பக்கம் பொடி எழுத்தில் பைப்பரின் என்றோ கறுப்பு மிளகுச் சாறு என்றோ இருக்கிறதா என்று பாருங்கள். மிளகு இதை எப்படிச் செய்கிறது? குடலிலும் கல்லீரலிலும் அந்நியப் பொருள்களை உடைத்து வெளியேற்றும் நொதிகள் இருக்கின்றன. அவற்றின் கையைப் பைப்பரின் கட்டிவிடுகிறது. கட்டிய கை கர்க்யூமினுக்கு மட்டும் கட்டியதாக இருக்காது. பாக்லிடாக்செல்லை உடைப்பதிலும் அதே கூட்டத்து நொதிகளுக்குப் பங்கு இருக்கிறது. மருந்து உடையாமல் தேங்கினால், நான் காலையில் அளந்த 80 மில்லிகிராம் உங்கள் உடம்புக்குள் வேறு அளவாகிவிடும்.

டமோக்சிஃபெனில் கதை நேர் எதிர். அந்த மாத்திரை விழுங்கிய உருவத்தில் பெரிதாக வேலைசெய்யாது. கல்லீரல் நொதிகள் அதை எண்டோக்சிஃபெனாக மாற்ற வேண்டும்; வேலையில் பெரும்பகுதியைச் செய்வது அதுதான். 2019-ல் நெதர்லாந்தின் ராட்டர்டாமில், டமோக்சிஃபென் எடுத்துக்கொண்டிருந்த 16 பேருக்குத் தினமும் மூன்று வேளை கர்க்யூமின் கொடுத்து இரத்தத்தை அளந்தார்கள். எண்டோக்சிஃபென் ஏறக்குறைய 8 சதவீதம் குறைந்தது. மிளகுச் சாறும் சேர்த்தபோது 12 சதவீதம் குறைந்தது. பார்க்கச் சின்ன எண்தான். ஆனால் சிலருக்கு இயல்பாகவே எண்டோக்சிஃபென் ஓரத்தில்தான் நிற்கும்; அவர்களை அது வரம்புக்குக் கீழே தள்ளிவிடக்கூடும் என்பதே ஆய்வாளர்களின் கவலை. ஐந்து வருடம், பத்து வருடம் மாத்திரையை ஒழுங்காகப் போட்டுவிட்டு, நல்லதுக்கென்று சேர்த்த ஒரு கேப்சூலால் அதன் வேலையைக் குறைத்துக்கொள்வானேன்?

மஞ்சள் பக்கம் நம்பிக்கை தரும் செய்தியே இல்லையா என்றால், இருக்கிறது. அர்மீனியாவில் 150 பெண்களை வைத்து நடந்த ஆய்வு 2020-ல் வந்தது. முற்றிய மார்பகப் புற்றுநோய்க்குப் பாக்லிடாக்செல்லோடு கர்க்யூமினும் கொடுத்தபோது, பாக்லிடாக்செல் மட்டும் எடுத்தவர்களைவிட அதிகம் பேருக்குக் கட்டி சுருங்கியது. கொடுத்த விதத்தைக் கவனியுங்கள்: வாரம் ஒரு முறை, மருத்துவமனையில், நரம்பு வழியே, அளந்து, பாக்லிடாக்செல்லோடு சேர்த்து. அதை நிறுத்திவிட்டு இல்லை. இன்னும் பெரிய ஆய்வுகளில் இது நிலைத்தால் முதலில் மகிழ்பவர்களில் நானும் ஒருத்தி. எல்லாமே நிலைப்பதில்லை என்பதையும் பார்த்திருக்கிறேன். கதிர்வீச்சால் தோல் புண்ணாவதை மஞ்சள் கேப்சூல் குறைக்கிறது என்று 2013-ல் 30 பெண்களை வைத்து நடந்த ஆய்வு காட்டியது. 2018-ல் கிட்டத்தட்ட 700 பேரை வைத்துப் பார்த்தபோது பயன் தெரியவில்லை.

இன்னொரு காரணமும் உண்டு, அது ஏட்டிலிருந்து வந்ததல்ல. சில வருடங்களுக்கு முன் அறுபதை நெருங்கும் ஓர் அம்மா என் முன்னால் உட்கார்ந்திருந்தார். டமோக்சிஃபென் எடுப்பவர். கல்லீரல் பாதிப்பைக் காட்டும் நொதிகள் இரத்தத்தில் காரணமே இல்லாமல் ஏறிக்கொண்டிருந்தன. ஸ்கேன் எடுத்து, மஞ்சள்காமாலைக் கிருமி பார்த்து, ஐந்து வாரம் ஓடிவிட்டது. வேறு ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று கேட்ட ஒவ்வொருவரிடமும் இல்லை என்றே சொல்லியிருக்கிறார். கைப்பையில் கண்ணாடியைத் தேடும்போது உள்ளே ஏதோ கலகலவென்று உருண்டது. வெளியே எடுத்தால் பாதி காலியான மஞ்சள் கேப்சூல் புட்டி. “இது மருந்தில்லையேம்மா, சாப்பாடுதானே?” என்றார். பொய் சொல்லவில்லை, உண்மையாகவே அப்படித்தான் நினைத்திருந்தார். நிறுத்திய பிறகு சில வாரங்களில் நொதிகள் இறங்கின. அமெரிக்காவில் மருந்தால் வரும் கல்லீரல் பாதிப்புகளைப் பதிவுசெய்யும் குழுவினரும் மஞ்சள் கேப்சூலால் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். ஒரு குறிப்பிட்ட மரபணு வகை இருப்பவர்களுக்கு அந்த ஆபத்து கூடுதல் என்றும் கண்டிருக்கிறார்கள்.

அடுத்து கறுப்பு உருண்டை. பார்க்காமல் அது என்னவென்று சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் புற்றுக்கென்று தொலைபேசி வழியாக வரும் கறுப்பு மெழுகு என்றால் என் மனம் முதலில் ரசகந்தி மெழுகை நினைக்கும். பெயரிலேயே சரக்கு இருக்கிறது: ரசம் என்றால் பாதரசம், கந்தி கந்தகம். சேராங்கொட்டை சேரும் மருந்துகளும் புற்றுக்குக் கொடுக்கப்படுகின்றன. வண்ணார் துணியில் குறி போட்ட அதே கொட்டை, சுத்தி, அதாவது நச்சு நீக்கல், சரியாகச் செய்யாவிட்டால் தோலைக் கொப்பளிக்க வைக்கும். சித்த மருத்துவத்தின் நியாயத்தையே எடுத்துக்கொள்வோம். சரக்கைச் சுத்தி செய்ய வேண்டும், நோயாளியின் நாடி பார்க்க வேண்டும், தேகத்துக்கு ஏற்ப அளவும் அனுபானமும் (மருந்தை எதில் கலந்து உட்கொள்வது என்பது) பத்தியமும் சொல்ல வேண்டும் என்றுதானே அந்த நூல்கள் சொல்கின்றன? தங்கையின் நாடியை அண்ணனின் தொலைபேசியில் பார்க்க முடியுமா? தாம்பரத்துத் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தில் படித்து வந்த மருத்துவர் எவரும், முகம் பார்க்காத, கீமோவுக்குக் காத்திருக்கும் பெண்ணுக்கு இப்படி உருண்டையைக் கட்டிக் கொடுக்கமாட்டார் என்றே நம்புகிறேன்.

இங்கே சிங்கப்பூரில் விற்கும் பாரம்பரிய மருந்துகளில் பாதரசம் பத்து லட்சத்தில் அரைப் பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்பது சுகாதார அறிவியல் ஆணையத்தின் வரம்பு. புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று சொல்லி அவற்றை விளம்பரப்படுத்தவும் கூடாது. ஊரிலிருந்து வருபவரின் பெட்டியில் புளிக்கும் முறுக்குக்கும் நடுவே வரும் பொட்டலத்துக்கு இந்த வரம்பு எதுவும் எட்டாது. அமெரிக்காவில் பாஸ்டன் நகரக் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேதப் பொருள்களைச் சோதித்து 2004-ல் வெளியிட்டார்கள்; 14-ல் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்தது. ஐந்தில் ஒன்று. கீமோ நேரத்தில் சிறுநீரகத்துக்கும் கல்லீரலுக்கும் இருக்கும் வேலையே அதிகம். சீனப் பாரம்பரிய மருத்துவர்களுக்கு இங்கே 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்ப் பதிவு உண்டு. சித்தத்துக்கும் ஆயுர்வேதத்துக்கும் அப்படி இல்லை. தேக்காவில் பலகை மாட்டியிருப்பதை மட்டும் வைத்து ஒருவரின் தகுதியை எடைபோட முடியாது.

பொடியில் என்ன இருக்கிறதென்று அண்ணனுக்கே தெரியாது போலிருக்கிறது. ஒருவேளை அமுக்கராவாக (அஸ்வகந்தா) இருந்தால், அதைப் பற்றி நல்ல வார்த்தை ஒன்று சொல்ல வேண்டும். நம் பக்கத்து நாடான மலேசியாவின் கிளந்தானில், கீமோ எடுத்த 100 மார்பகப் புற்றுநோயாளிகளில் அமுக்கரா சேர்த்து எடுத்தவர்களுக்குச் சோர்வு குறைவாக இருந்ததாக 2013-ல் வெளியானது. கட்டிக்காக இல்லை, சோர்வுக்காக; அதுவும் கீமோவோடு. யாருக்கு எது என்று குலுக்கிப்போட்டுப் பிரிக்காத ஆய்வு என்பதால் அதன் பலம் கொஞ்சம் குறைவு. அமுக்கராவால் கல்லீரல் கெட்ட நிகழ்வுகளும் பதிவாகியிருக்கின்றன. கீமோ முடிந்து சோர்வு தீரவில்லை என்றால் அப்போது உங்கள் மருத்துவரோடு பேசலாம். இப்போது பெயரில்லாத பொடி வேண்டவே வேண்டாம்.

வழக்கமான சிகிச்சையை விட்டுவிட்டு மாற்று மருத்துவத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. உறுப்பு தாண்டிப் பரவாத நிலையில் கண்டறியப்பட்டு, மாற்று மருத்துவத்தை மட்டும் தேர்ந்தெடுத்த 281 நோயாளிகளை அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்து 2018-ல் வெளியிட்டார்கள். வழக்கமான சிகிச்சை எடுத்தவர்களோடு ஒப்பிட்டபோது மார்பகப் புற்றுநோயில்தான் வித்தியாசம் மிகப் பெரியது: இறக்கும் ஆபத்து ஐந்தரை மடங்குக்கும் மேல். மார்பகத்தில் ஏன் அவ்வளவு? வழக்கமான சிகிச்சை அங்கே அவ்வளவு நன்றாக வேலைசெய்வதால். கையில் இருப்பது பெரிதாக இருந்தால் இழப்பதும் பெரிதாக இருக்கும். அண்ணனிடம் எண்களைச் சொல்வதானால் இந்த ஒன்றை மட்டும் சொல்லுங்கள், போதும்.

மாமியாருக்கு வேலை கொடுக்கலாம் என்றேனே, அது இஞ்சி. கீமோ குமட்டலுக்கு இஞ்சி உதவுமா என்று 576 நோயாளிகளிடம் ஆய்வு நடந்து 2012-ல் வெளியானது; அவர்களில் பெரும்பாலோர் மார்பகப் புற்றுநோயாளிகள். குமட்டல் மருந்தோடு சேர்த்து நாளுக்கு அரை கிராம் முதல் ஒரு கிராம் வரை இஞ்சிப்பொடி எடுத்தவர்களுக்கு முதல் நாள் குமட்டல் குறைந்தது. மருத்துவர் தரும் மாத்திரையை விடாமல், கூடவே வெறும் தேநீரில் ஒரு துண்டு இஞ்சி தட்டிப் போட்டுக் கொடுக்கட்டும். மிளகு ரசம் வைக்கட்டும். ரசத்தில் இருக்கும் மிளகு கேப்சூல் மிளகின் அருகில் வராது. சோயா சாப்பிட்டால் ஹார்மோன் புற்று வளரும் என்று யாராவது பயமுறுத்தியிருப்பார்கள். ஷாங்காயில் மார்பகப் புற்றுநோய் வந்த சுமார் 5,000 பெண்களைத் தொடர்ந்து பார்த்து 2009-ல் வெளியிட்ட ஆய்வில், சோயா உணவு அதிகம் சாப்பிட்டவர்களுக்கு நோய் திரும்புவது குறைவாகவே இருந்தது. ஆகவே தவ் குவாவும் தவ் ஹுவேயும் தாராளமாகச் சாப்பிடுங்கள். சோயாச் சாறு கேப்சூல் வேறு, அது வேண்டாம். வெள்ளையணு இறங்கியிருக்கும் நாள்களில் அருகம்புல் சாறு, பச்சைக் கீரைச் சாறு எதுவும் வேண்டாம். அதிலிருக்கும் மண்கிருமி சாதாரண நாளில் ஒன்றும் செய்யாது, அந்த நாள்களில் செய்யும்.

இதைவிட முக்கியமானது காய்ச்சல். ஒரு வெப்பமானி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கீமோ தொடங்கிய பிறகு 38 டிகிரியைத் தொட்டால், அது இரவு இரண்டு மணியானாலும், அவசரப் பிரிவுக்குப் போய் ‘கீமோ எடுக்கிறேன், காய்ச்சல்’ என்று சொல்லுங்கள். நிலவேம்புக் கஷாயம் வைத்துக் காலை வரை பார்க்கலாம் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். பாராசிட்டமால் போட்டுப் பார்க்கலாம் என்றும் சொல்வார்கள். இரண்டும் கூடாது. அந்தச் சில மணி நேரம் விலைமதிப்பில்லாதது.

கடைசியாக, மருத்துவர் திட்டுவாரா என்ற கேள்வி. சிலர் முகம் சுளிக்கலாம். இல்லை என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் ஐந்து வாரம் காரணம் தெரியாமல் கல்லீரலைத் துருவுவதைவிட ஒரு நிமிட முகச்சுளிப்பு மலிவு. அவரிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால், முதல் கீமோவுக்கு முன் உங்களோடு பேசும் செவிலியரிடமோ மருந்தாளரிடமோ சொல்லுங்கள். தூக்கமில்லை என்பதையும் அவரிடமே சொல்லுங்கள், அதற்கும் வழி இருக்கிறது. நான்கையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். வைத்திருக்கச் சொன்னது இதற்காகத்தான். புட்டி என்றால் புட்டியோடு, பொட்டலம் என்றால் பொட்டலத்தோடு. எந்தத் தேதியில் தொடங்கினீர்கள், ஒரு நாளைக்கு எத்தனை என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஏற்கெனவே உருண்டை சாப்பிட்டிருந்தால் அதை மறைக்காமல் சொல்லி, கீமோவுக்கு முன் சிறுநீரகமும் கல்லீரலும் எப்படி இருக்கின்றன என்று பார்த்துவிடச் சொல்லுங்கள்.

அண்ணனுக்கு ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. அந்த வைத்தியரை அழைத்து, உருண்டையிலும் பொடியிலும் சேர்ந்த சரக்குகளின் பெயரை ஒவ்வொன்றாக எழுதி வாங்கி அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பினால் அதையும் அந்தப் பையில் போடுங்கள். வைத்தியர் சொல்ல மறுத்தால், அதையும் அண்ணனே கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.